ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே: தார் பாலைவனத்தில் ஒரு மின்னிசை விழா

புதன், அகமதாபாத்

ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே, குரி மணல்மேடுகளையும் தாண்டி, ஒரு சிற்றூரை ஒட்டிய வெட்டவெளியில் நடக்கும் மின்னிசை விழாவில் வாசிக்கப் போகிறேன். விழாவின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுத வேண்டாம் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் பெருகினால் முதலில் தீர்ந்துபோவது அந்த ஊரின் தண்ணீர். அதனால் சில நூறு பேருக்கு மேல் டிக்கெட் விற்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொண்டதற்கு அந்த உறுதியே முதல் காரணம்.

சென்னையிலிருந்து நேராகப் போகாமல் அகமதாபாத்தில் இறங்கினேன். மின்னிசை என்றாலே மேல்நாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கியது என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் இந்த ஊரைப் பற்றித்தான் சொல்வேன். இங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் மூக் நிறுவனத்தின் ஒரு சிந்தசைசர், அதாவது மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் இசைக்கருவி, வந்து இறங்கியது. அதை நிறுவி, பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தவர் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர். அந்தக் கருவியில் கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் தங்கள் இசையைச் செய்தார்கள். கீதா சாராபாய் பக்காவஜ் என்னும் வட இந்திய மத்தளம் வாசித்தவர். 1946-இல் நியூயார்க் போய் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, அவரிடமிருந்து மேற்கத்திய இசையைக் கற்றுக்கொண்டவர். இவர்கள் பதிவு செய்த ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்திலேயே பல பத்தாண்டுகள் கிடந்தன. பிரிட்டன் கலைஞர் பால் புர்கஸ் தேடி எடுத்த பிறகுதான் வெளியுலகத்துக்குக் கேட்டன. சாபர்மதிக் கரையில் அந்த வளாகத்தின் மதிலை ஒட்டி மாலையில் சற்று நேரம் நடந்தேன். உள்ளே போக நேரமில்லை. இரவு ஜோத்பூர் ரயில்.

கருவிப் பெட்டியைப் பற்றி ஒரு குறிப்பு. என்னுடையது மாடுலர் சிந்தசைசர். ஒலியை உண்டாக்கும் பகுதி, வடிகட்டும் பகுதி, ஏற்றி இறக்கும் பகுதி எல்லாம் தனித்தனி. கேபிள்களால் அவற்றை இணைத்தால்தான் சத்தம் வரும். விமான நிலைய எக்ஸ்ரே திரையில் இது எப்படித் தெரியும் என்று ஊகித்துக்கொள்ளலாம். நான் பெட்டியைத் திறந்து, ஹெட்போனை அந்த அதிகாரியின் காதில் வைத்து, ஒரு சுருதியை வாசித்துக் காட்டுவேன். இதைவிட நல்ல அடையாளச் சான்று இல்லை. லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வெளியூர் போய் வாசிக்கும் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய எண்கள் இவை.

வியாழன், ஜோத்பூர் – ஜெய்சல்மேர்

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு ஏறக்குறைய 280 கிலோமீட்டர். மேற்கே போகப் போக மரங்கள் குட்டையாகி, பிறகு தனித்தனியாகி, கடைசியில் வன்னி மரம் மட்டும் மிஞ்சியது. அதை இங்கே கேஜ்ரி என்கிறார்கள். அதன் காயைத்தான் சாங்கிரி என்று உலர்த்தி வைத்துக் கறி சமைக்கிறார்கள். பொக்ரான் சாலையோர உணவகத்தில் கேர் சாங்கிரியும் கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்டினியும் சாப்பிட்டேன். காரம் நம் ஆந்திர எல்லையை நினைவூட்டியது. வாகனத்தில் உடன் வந்த மற்ற கலைஞர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெய்சல்மேருக்குச் சற்று முன்னால் ஹமீரா என்ற ஊர் இருக்கிறது. கமாய்ச்சா மேதை சாகர் கானின் ஊர் அது. 2012-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2013-இல் மறைந்தார். கமாய்ச்சா என்பது வில்லால் இழைக்கும் வாத்தியம். மாமரத்தில் குடைந்த உருண்டை வயிறு, அதன் மேல் ஆட்டுத்தோல், நரம்புத் தந்திகள். மாங்கணியார் என்னும் பரம்பரை இசைக்குலத்தின் அடையாளம் அது. இவர்கள் இஸ்லாமியர்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக இவர்களை ஆதரிக்கும் வீடுகளில் பெரும்பாலானவை இந்து ராஜபுத்திரர்களுடையவை. அந்த வீடுகளில் குழந்தை பிறந்தாலும் திருமணம் நடந்தாலும் இவர்கள்தான் பாட வேண்டும். கிருஷ்ணனையும் பாடுவார்கள், சூஃபி ஞானிகளையும் பாடுவார்கள். இவர்களின் இசையை ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்து, மேடைக்கும் அழைத்துவந்தவர் கோமல் கோட்டாரி. அவர் இல்லையென்றால் இன்று நம் காதுக்கு இதில் பாதி எட்டியிருக்காது. நாட்டார் இசை ஆவணத்தில் உழைப்பவர்களுக்கு நான் தனியாக ஒரு வணக்கம் வைத்திருக்கிறேன். அதில் பெரும்பங்கு அவருக்கு.

மாலை வெயிலில் ஜெய்சல்மேர்க் கோட்டை பொன்னிறமாக நின்றது. மஞ்சள் மணற்கல். இன்னும் மக்கள் உள்ளே குடியிருக்கும் கோட்டை. பார்க்க ஆசைதான். ஆனால் பெட்டியை ஜீப்புக்கு மாற்றி ஏற்றுவதிலேயே இருட்டிவிட்டது.

வெள்ளி, மணலில்

விழா நடக்கும் இடத்தில் இரண்டு மேடைகள். மேடை என்றால் மூங்கில் பாய் விரித்த மரப்பலகை, மேலே துணிப்பந்தல். பெரிய மேடைக்கு ஜெனரேட்டர். அதை ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால், காற்று போகும் திசையில் தள்ளி வைத்திருந்தார்கள். நான் வாசிக்கும் சிறிய மேடைக்கு சோலார் பலகைகளும் பேட்டரியும். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி. பேட்டரி மின்சாரத்தில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் தலைகாட்டாது.

காலையில் நான் கண்ட வேலைகளில் அருமையானது எர்த்திங். உலர்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. வெறும் கம்பியை அதில் அடித்து இறக்கிப் பயனில்லை. ஜோத்பூரிலிருந்து வந்திருந்த ஒலிப் பொறியாளர் ஆழமாகக் குழி வெட்டச் சொல்லி, கரியும் உப்பும் கலந்து நிரப்பி, நடுவில் கம்பியை நட்டு, தண்ணீர் ஊற்றினார். அந்தத் தண்ணீர் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவியது. குடிக்கும் தண்ணீர் டேங்கரில் வரும் இடத்தில் குழிக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்று யோசித்திருக்கிறாரே, அந்த மனிதரின் மேல் அப்போதே மதிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு வேளை பாத்திரம் கழுவியதும் அங்கே ஒரு வாளி போய்ச் சேர்ந்தது.

மணல்தான் இங்கே கருவிகளுக்கு எதிரி. கண்ணுக்குத் தெரியாத தூள் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடருக்குள் இறங்கினால் ஒவ்வொரு அசைவிலும் கரகரக்கும். லேப்டாப்பின் விசிறி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் லேப்டாப்பே கொண்டுவரவில்லை. மாடுலரில் பயன்படாத துளைகளை எல்லாம் வீட்டிலேயே பஞ்சு வைத்து அடைத்துவிட்டேன். வாசிக்காத நேரத்தில் மேலே ஈரமில்லாத பருத்தித் துணி, பக்கத்தில் ஓவியர் தூரிகை ஒன்று. ஊதித் தள்ளக் கூடாது, தூசு இன்னும் உள்ளே போகும். தூரிகையால் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும்.

பிற்பகலில் ஒலிச் சோதனை. அரங்குக்குள் வாசித்துப் பழகியவர்கள் வெட்டவெளியில் முதலில் தேடுவது அடிநாதத்தை. உள்ளே சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பித் தந்து தாங்கும். வெளியே போன ஒலி போனதுதான். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். தாழ்ந்த சுருதிகளைக் காற்றில் தள்ள நிறைய சப்வூஃபர் வேண்டும், நிறைய மின்சாரம் வேண்டும். பல விழாக்கள் அந்த வழியில்தான் போகின்றன: இன்னும் பெரிய பெட்டி, இன்னும் பெரிய ஜெனரேட்டர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இத்தனை தொலைவு வந்து, நகரத்துக் கிளப்பின் நான்கு சுவர்களை இங்கே மறுபடி எழுப்புவதில் என்ன இருக்கிறது? என் நிகழ்ச்சியை நடுத்தர சுருதிகளில்தான் கட்டியிருக்கிறேன். அவற்றுக்குக் குறைந்த மின்சாரமே போதும்.

இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கிகள் நின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. இந்த விழாக்காரர்கள் அந்தத் தளர்வைக் கேட்கவே இல்லை. அதற்கு ஒலியியல் காரணமும் இருக்கிறது. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிராகவும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து கலைந்துவிடும். இரவில் மணல் சட்டென்று குளிர்ந்து, தரைக் காற்றையும் குளிர்வித்துவிடும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து தரையை ஒட்டியே வெகுதூரம் ஓடும். மாலை நாலு மணிக்கு அடுத்த டாணியில், அதாவது பக்கத்துச் சிறு குடியிருப்பில், கேட்காத சத்தம் நள்ளிரவில் அங்கே தொட்டில் குழந்தையை எழுப்பும்.

பத்து மணிக்குப் பிறகு நெருப்பு மூட்டி, மாங்கணியார்கள் மைக் இல்லாமல் பாடினார்கள். ஒருவர் கடதாளை எடுத்தார். கைக்கு இரண்டாக நான்கு மரத்துண்டுகள், அவ்வளவுதான் வாத்தியம். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது.

சனி, காகா சா

இன்று முழுவதும் ஒரே வேலை. நாளை விடியலில் என்னோடு வாசிக்கப் போகும் மாங்கணியார் பெரியவரோடு ஒத்திகை. எல்லோரும் அவரை மரியாதையாகக் காகா சா (சித்தப்பா) என்கிறார்கள், நானும் அப்படியே அழைத்தேன். "கம்மா கணி" என்று இந்த ஊர் வணக்கம் சொல்லிக் கைகூப்பினேன். "கணி கம்மா, பேட்டி (மகளே)" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே மோர்சங்.

நம் கச்சேரிகளில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் வாசிக்கிறார்களே, அந்த மோர்சிங்கின் உறவுக்காரர்தான். இரும்பு வளையம், நடுவில் ஒரு நாக்கு. பற்களில் பொருத்தி, விரலால் நாக்கைச் சுண்டினால் ஒரே சுருதிதான் எழும். வாயின் உள்வடிவை மாற்ற மாற்ற அந்தச் சுருதிக்குள் அடங்கியிருக்கும் மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். என் கருவி செய்வதும் இதே வேலைதான். ஆஸிலேட்டர் மேல்சுரங்கள் நிறைந்த ஒரு தடித்த ஒலியைத் தருகிறது. ஃபில்டர் அதில் வேண்டியதை விட்டு மற்றதைத் தடுக்கிறது. அவருக்கு வாய், எனக்கு ஒரு திருகு. ஹிந்தியில் தட்டுத் தடுமாறி இதைச் சொன்னேன். ஃபில்டரை மெல்லத் திருப்பி "ஆ"விலிருந்து "ஊ"வுக்குப் போய்க் காட்டினேன். அவர் அதை ஒருமுறை கேட்டார். உடனே மோர்சங்கைப் பற்களில் வைத்து அதே "ஆ, ஊ"வைத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு எங்களுக்கு அதிகப் பேச்சு தேவைப்படவில்லை.

சுருதி சேர்ப்பதுதான் நீண்ட வேலையாக இருந்தது. மோர்சங்கின் சுருதியை நினைத்தபடி மாற்ற முடியாது. நாக்கின் நுனியில் தேன்மெழுகு ஒட்டினால் கொஞ்சம் இறங்கும். ஏற்ற வேண்டுமானால் அராவ வேண்டும், அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அளந்து பார்த்தேன். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் நம் அளவு; அவருடைய இரும்பு ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் நின்றது. எந்தக் கீபோர்டிலும் இல்லாத இடம். விழாவுக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர், "மெழுகு வைத்து ஒன்றரைக்கு இறக்கிவிடலாமே, மற்ற எல்லாம் அந்தச் சுருதியில் இருக்கிறதே" என்றார். நான் மறுத்துவிட்டேன். திருகினால் நகரும் கருவி என்னுடையது. அவருடையது நகராதது. நகரக் கூடியதுதான் நகர வேண்டும். எல்லா ஆஸிலேட்டர்களையும் காகா சாவின் சுருதிக்குக் கொண்டுபோனேன். வீட்டிலிருந்து தயாரித்துக் கொண்டுவந்த ஒலித்துண்டுகள் அந்தச் சுருதியில் ஒத்துவராததால் அவற்றை ஒதுக்கிவிட்டு, வெறும் சுருதியும் ஃபில்டரும் தாளமும் மட்டும் வைத்துக்கொண்டோம்.

அவர் ஒரு கேள்வி கேட்டார். "இது குளிரில் பாடுமா?" சரியான கேள்வி. அனலாக் ஆஸிலேட்டர் வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டது. அதன் மின்னழுத்தத்தைச் சுருதியாக மாற்றும் சுற்று, ஈடுசெய்யும் பாகம் இல்லாவிட்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 சதவீதத்துக்கு மேல் பிசகும். ஈடுசெய்யும் பாகம் இருந்தாலும் முழுமையாகச் சரியாகாது. ஜனவரி இரவில் இங்கே ஐந்தாறு டிகிரி வரை இறங்கும். அதனால் கருவியை இரவு முழுவதும் ஓடவிட்டு, மேலே ஒரு ரஜாயை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, போர்த்தி வைத்தேன். உள்ளே சூடு தங்கினால் பனியும் படியாது. ரஜாய் காகா சாவின் வீட்டிலிருந்து வந்தது.

ஞாயிறு, விடியல்

ஜெய்சல்மேர் நம் நாட்டின் மேற்கு ஓரம். ஜனவரியில் இங்கே சூரியன் ஏழரை மணியளவில்தான் எழும், சென்னையைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதம். விதிப்படி ஆறு மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி வைக்கலாம். ஆக, சட்டத்துக்கும் சூரியனுக்கும் நடுவில் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஆறரைக்குத் தொடங்குவதாகத் திட்டம். அதற்கு முன் ஒலிப் பொறியாளர் பைக்கில் அடுத்த டாணிக்குப் போய் நின்று, போனில் சொல்லச் சொல்ல ஒலியளவைக் குறைத்தோம். விடியலுக்கு முன்தான் தரைக்காற்று மிகவும் குளிர்ந்திருக்கும், ஒலி மிகவும் தொலைவு போகும். "இப்போது கேட்கிறது, ஆனால் ஆடுகள் எழவில்லை" என்றார். அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டோம்.

ரஜாயை அரை மணி நேரம் முன்பே எடுத்துவிட்டேன், கருவி குளிருக்குப் பழகட்டும் என்று. அடிவானத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. கம்பளி போர்த்திய கூட்டம் மணலில் உட்கார்ந்திருந்தது. முதலில் ஒரே சுருதி, மெதுவாகத் திறக்கும் ஃபில்டர். நீண்ட நேரம் காகா சா வாசிக்கவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சுண்டு. மைக்குக்குப் பஞ்சுத் தோல் போட்டிருந்ததால் காற்றின் இரைச்சல் இல்லை. இரும்பின் ஒலி மட்டும் அத்தனை தெளிவாக வந்தது.

சூரியன் எழுந்தது. கருவியின் கறுப்பு முகப்பில் வெயில் விழத் தொடங்கியதும் சுருதி நகர ஆரம்பித்தது. நான் எதிர்பார்த்ததுதான், கை திருகின் மேலேயே இருந்தது. இரண்டு சுருதிகள் மிக நெருக்கமாக இருந்தும் ஒன்றாகாதபோது காதில் ஒரு துடிப்பு கேட்கும். வினாடிக்கு இரண்டு அதிர்வு வித்தியாசம் என்றால் வினாடிக்கு இரண்டு முறை ஒலி எழுந்து தாழும். வித்தியாசம் கூடினால் துடிப்பும் வேகமாகும். நான் சரிசெய்யத் திருகைத் தொட்டபோது காகா சா இடது கையை உயர்த்தினார், நிறுத்து என்று. அந்தத் துடிப்பை அவர் பிடித்துவிட்டார். அதையே காலப்பிரமாணமாக எடுத்துக்கொண்டு மோர்சங்கில் தாளம் போட்டார். வெயில் ஏற ஏறத் துடிப்பு வேகமெடுத்தது, அவரும் கூடவே போனார். பிறகு நான் அவர் முகத்தைப் பார்த்துத் திருகினேன், துடிப்பு தளர்ந்தது, அவரும் தளர்த்தினார். சூரியனும் அந்த மனிதரும் நானும் சேர்ந்து ஒரு தாளத்தை நடத்திக்கொண்டிருந்தோம் என்றே சொல்வேன். பிசகு என்று நாங்கள் மின்னிசைக்காரர்கள் அஞ்சி அஞ்சித் திருத்துவதை, எழுபது வயதைக் கடந்த ஒரு காது இசை என்று கேட்டது. என் இசை வாழ்க்கையில் இதைவிட உயர்ந்த ஒரு மணி நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

நிறுத்தியபோது பெரிய கைதட்டல் எழவில்லை. யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். வெல்லமும் நெய்யும் வைத்த கம்பு ரொட்டியோடு காலை உணவு.

திங்கள், ஜெய்சல்மேர்

மனத்தில் இருந்த ஒன்றை அமைப்பாளர்களிடம் நேற்றே சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன். விழாச் சுவரொட்டியில் நகரங்களிலிருந்து வந்த எங்கள் எல்லோருடைய பெயர்களும் தனித்தனியாக இருந்தன. மாங்கணியார்கள் "உள்ளூர்க் கலைஞர்கள்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டார்கள். தண்ணீரையும் சட்டத்தையும் குழந்தையின் தூக்கத்தையும் இத்தனை கவனமாக நினைத்துப் பார்த்த விழாவில் இது இருக்கக் கூடாது. அவர்கள் வாதாடவில்லை. அடுத்த ஆண்டு ஒவ்வொருவர் பெயரும் ஒரே எழுத்தளவில் வரும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஒலிப் பொறியாளர் நேற்றைய விடியலை முழுவதும் பதிவு செய்திருக்கிறார். அதை வெளியிடுவதானால் எப்படி என்று காகா சாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். வரும் பணத்தில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. முகப்பில் அவர் பெயர் முதலில். அவர் அனுமதியில்லாமல் யாரும் துண்டு வெட்டி வேறு பாட்டில் ஒட்டக் கூடாது. ஹிந்தியில் எழுதியதை அவருடைய பேரன் உரக்க வாசித்தான். காகா சா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

தனக்கு மோர்சங் செய்து தரும் கொல்லரின் பட்டறை ஜெய்சல்மேரில் எங்கே என்று அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே வழி வரைந்து தந்தார். மதியம் அங்கே போய் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒன்றை வாங்கினேன். சென்னையில் மோர்சிங் வாசிக்கும் நண்பரிடம் பாடம் கேட்க வேண்டும். இரவு ஜோத்பூர் ரயில்.